அருமையான மாதிரி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஊரில், நிலத்தடி நீரை ஆராய வந்த குழுவோடு நானும் ஜீப்பிலிருந்து இறங்குகிறேன். அந்த ஊர் லட்சுமியின் கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் உள்ள அடிபம்பில் தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது. குழுத் தலைவரான பேராசிரியர் அதைப் புட்டியில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, “அருமையான மாதிரி” என்று பூரிக்கிறார்.

“போன தபா வந்தவங்களும் இதையேதான் சொல்லிக்கினு போனாங்க சார். குடிக்கலாமா, கூடாதா?” என்கிறாள் லட்சுமி.

“அவசரப்பட்டுச் சொல்லக் கூடாதும்மா. கட்டுரை வெளிவரட்டும்.”

“அதுவரைக்கும் புள்ளைங்க இன்னாத்த குடிக்கிறது?”

கேள்வி ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை போலும். அவர் அடுத்த புட்டியைத் திறக்கிறார். லட்சுமி நேராக ஜீப்புக்குப் போகிறாள். குழு குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் கேனை இறக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். யாரும் தடுக்கவில்லை. ஆராய்ச்சியால் இந்த ஊருக்கு இதுவரை கிடைத்த பலன் அந்த ஒரு கேன்தான்.