வராதவருக்கு ஒரு கிண்ணம், கோல்டர்ஸ் கிரீனில்

இலவசம் என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் வசம். அதனால்தான் நூலகச் சுவரில் அந்த அறிவிப்பைக் கண்டதும் அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தேன். (திருட்டு இல்லை, பக்கத்தில் இன்னொன்று ஒட்டியிருந்தது.) யூதப் பாரம்பரிய அருங்காட்சியகம் ஒன்று ஞாயிறு பதினொரு மணி முதல் நான்கு மணி வரை எல்லோருக்கும் திறந்திருக்குமாம். அனுமதி இலவசம், தேநீரும் இலவசம்.

உண்மைக் காரணம் வேறு. இது 2009 ஆடி மாதம். வன்னியில் இருந்த ராசன் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கடைசியாகப் பேசியது மாசியில். முகாமில் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், யாருக்கும் தெரியாது. சண்டை முடிந்ததாகச் செய்தி வந்த நாளிலிருந்து அம்மா வீட்டுத் தொலைபேசியை விட்டு அசையவில்லை. ஒரு ஞாயிறாவது அவரை அதிலிருந்து கழற்றி எடுக்க வேண்டும் என்பதே என் திட்டம்.

“நான் வரேல்ல. போன் வந்தால் ஆர் எடுக்கிறது?”

“அப்பா எடுப்பார்.”

“அவர் நித்திரை கொண்டிடுவார்.”

“போனை நெஞ்சில வைச்சுக்கொண்டு படுக்கிறன். போயிட்டு வாருங்கோவன்,” என்றார் அப்பா, ஏற்கெனவே படுத்தபடி.

கோலியர்ஸ் வுட்டில் ஏறினோம். தெற்கு லண்டனில் இருந்துகொண்டு எந்நேரமும் இலங்கையின் வடக்கையே நினைக்கிற எங்களுக்கு நோர்தேர்ன் லைன் பொருத்தமான ரயில்தான். கேம்டன் டவுனில் எட்ஜ்வெயார் போகிற ரயிலுக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் ஹை பார்னெட் பக்கம் போய்விடுவீர்கள். அங்கே என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். மொத்தம் ஒரு மணி நேரம் வையுங்கள். சுரங்கத்துக்குள் சிக்னல் இல்லை. அம்மா என் கைத்தொலைபேசியை வாங்கி, வழி நெடுக இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கோல்டர்ஸ் கிரீனுக்குச் சற்று முன் ரயில் வெளிச்சத்துக்கு வரும். சிக்னல் வந்தது. செய்தி வரவில்லை.

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. பழைய வீடு ஒன்றைத்தான் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். முன்னறையில் தொழுகைப் பொருட்கள் இருப்பதைக் கண்ட அம்மா, கோயிலுக்கு வந்தவர்போலச் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்தார். பின்னால் வந்த ஆங்கிலேயக் குடும்பம் அதுதான் இங்கே முறை என்று நினைத்துத் தானும் கழற்றியது. ஐந்து நிமிடத்தில் வாசல் மனோர் பார்க் முருகன் கோயில் வாசலாகிவிட்டது. சுற்றிக் காட்டும் தொண்டர் சைமன், வெள்ளைத் தாடிக்காரர், ஓடி வந்து, போட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை என்றார்.

“என்னவாம்?” அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது.

“உங்கட சொக்ஸில ஓட்டையாம்.”

“பொய் சொல்லாத, குரங்கு,” என்று குனிந்து பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் ‘குரங்கு’ என்னை வந்து சேர்ந்தது.

உள்ளே ஒரு மேசை. பஸ்கா என்ற பெருநாளுக்குக் குடும்பமாக எப்படிச் சாப்பிடுவார்கள் என்று காட்டுவதற்காக விரித்திருந்தார்கள். எங்களையும் இருத்தி, ஆளுக்கொரு கிண்ணம் திராட்சைச் சாறு ஊற்றினார் சைமன். நடுவில் ஒரு வெள்ளிக் கிண்ணம், விளிம்புவரை நிரம்பியிருந்தது, யாருக்கும் முன்னால் இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வாசற்கதவைப் பார்த்துத் திரும்புவோம் என்றார். என் சட்டைப்பையில் ஒரு ஸ்ட்ரோ இருந்தது. ஒரு முனை கிண்ணத்தில், மறுமுனை என் வாயில்; மிச்சத்தை நீங்களே ஊகியுங்கள்.

“அது ஆருக்கு?” என்று அம்மா கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் கேட்க, சைமன் சொன்னார்: எலியா என்ற தீர்க்கதரிசிக்கு. ஒவ்வொரு வருடமும் அவருக்கும் ஊற்றி வைப்போம். பிறகு அவர் வருவதற்காகக் கதவைத் திறப்போம்.

“எப்பவாவது வந்தவரோ எண்டு கேள்.”

கேட்டேன். சைமன் தாடியைத் தடவினார். “இன்னும் இல்லை. ஆனால் கதவைத் திறக்காமல் விட்டதும் இல்லை.”

அதில் நான் ஒன்றும் சேர்க்காமல் அப்படியே தமிழில் சொன்னேன்.

கதவைத் திறக்கிற வேலை வழக்கமாகப் பிள்ளைகளுடையது. சைமன் என்னைப் பார்த்தார். அதற்குள் அம்மா எழுந்து போய்த் திறந்தார். வெளியே மழை. நனைந்த குடையோடு ஒருவர், திறந்த நாளுக்குப் பிந்தி வந்தவர், மணியை அழுத்தக் கையை நீட்டியபடி நின்றார்.

“உள்ள வாங்கோ,” என்றார் அம்மா, தமிழில். அவர் வந்தார். அம்மா கதவைச் சாத்தவில்லை. வீதியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தபடி நின்றார். வெள்ளிக் கிண்ணம் என் மூக்கிற்கு நேரே இருந்தது. ஸ்ட்ரோவை வெளியே எடுக்கவில்லை.

தேநீர் குடிக்கும்போது வீட்டுக்குப் போன் எடுத்தோம். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார். “இன்னும் இல்லை,” என்றார்.

“சரி, வாறம்,” என்றார் அம்மா. பிறகு இன்னொரு கோப்பை தேநீர் கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: அடுத்த திறந்த நாள் எப்போது என்று நூலகத்தில் விசாரியுங்கள். நல்ல சொக்ஸ் போடுங்கள். நடுவில் இருக்கிற கிண்ணத்தைத் தொடாதீர்கள், அதற்கு ஆள் இருக்கிறது. கதவைத் திறக்கும் முறை உங்களுக்கு வந்தால், வேண்டிய நேரம் நின்று பாருங்கள். அங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.