சித்தியின் தோளில் சுண்ணாம்பு

"வலிக்குதா சித்தி?"

"இல்ல."

"இங்க?"

"இல்லடி. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு."

"பத்துக்கு எவ்வளவு வலின்னு சொன்னாத்தானே எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியும்?"

"பத்துக்கு நான் என்னைக்குடி வாங்கியிருக்கேன்? சைபர்னு போட்டுக்கோ."

கையிலிருந்த கருவியின் முனையை அவள் ஒரு விரல் அகலம் நகர்த்தினாள். சித்தியின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. கால் கட்டைவிரல் மட்டும் விறைத்து நின்றது.

"கட்டைவிரல் ஏழுங்குது."

"அது உங்க சித்தப்பா கட்சி. என்னைக் காட்டிக் கொடுக்கன்னே பொறந்தது."

மருத்துவமனைக்கு வந்த அந்தப் புது இயந்திரத்தை அவள் தனியாக இயக்கிய முதல் நாள் அது. பிசியோதெரபிஸ்ட் ஆகி அதிக காலம் ஆகவில்லை. பேசச் சொன்னால் கூச்சம் பிடுங்கித் தின்னும். சின்ன வயதில் 'வாயில்லாப்பூச்சி' என்று சித்தி வைத்த பெயர் தேய்ந்து தேய்ந்து வெறும் 'பூச்சி' ஆகியிருந்தது. ஆனால் அன்று பூச்சிக்கு உள்ளுக்குள் துள்ளல் தாங்கவில்லை. ஒரு சின்ன அலமாரி அளவுப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் துப்பாக்கி போன்ற கைப்பிடி. பொத்தானை அழுத்தினால் டகடகவென்று தோலைத் தட்டும். ஒவ்வொரு தட்டும் ஓர் அதிர்வலையாகத் தசைநாருக்குள் இறங்கும். ஆறுவதையே மறந்து கிடக்கும் இடத்தை உசுப்பிவிடும்.

சித்தியின் வலது தோள் அப்படித்தான் கிடந்தது. சித்தி பெயிண்டர், சொந்தமாக ஒரு குழு வைத்து வேலை எடுப்பவள். சில மாதங்களாகக் கை காதுக்கு மேலே போக மறுத்தது. தைலம், மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயில், தோள் தசைநாருக்கு நடுவே வெள்ளையாக ஒரு கட்டி.

"இது என்னடி?"

"கால்சியம். சுண்ணாம்புக் கட்டின்னு வச்சுக்கோங்க."

"ஊர்ச் சுவருக்கெல்லாம் நான் சுண்ணாம்பு அடிச்சேன். எனக்குள்ள வந்து எவடி அடிச்சிட்டுப் போனா?"

சிரித்தாளே தவிர, படத்தைச் சித்தி கீழே வைக்கவில்லை. நகரத்துக் கலையரங்கின் குவிமாடத்துக்கு உள்ளே வண்ணம் அடிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஓரத்தில் அடர்நீலம், மேலே போகப் போக வெளுத்து, உச்சியில் வெள்ளை. வண்ணம் மாறுவது கண்ணுக்குத் தெரியக்கூடாது என்றால் ஒரே கை அடிக்க வேண்டும். காண்ட்ராக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "சாரம் கட்டி முடிக்கும்போது உன் கை ஏறலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன். அப்புறம் வருத்தப்படாதே." வேலை கிடைத்த நாளிலிருந்து சித்தி அதை 'என் சட்டி' என்றுதான் சொல்வாள். கவிழ்த்துப்போட்ட ராட்சதச் சட்டிதானே அது.

அந்த முதல் நாள் சிகிச்சை முடிந்து, தோளில் தடவிய பசையைத் துடைத்துவிட்டு, "மெதுவா தூக்குங்க" என்றாள் பூச்சி. கை காதைத் தாண்டி ஏறியது. யாருடைய கையோ என்பதுபோல் சித்தி அண்ணாந்து பார்த்தாள்.

"அடிப்பாவி, இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?"

"சித்தி, இது மரத்துப் போனதால வர்ற சுகம். கொஞ்ச நேரத்துல போயிடும். ரெண்டு நாளைக்குக் கையை..."

மீதியைக் கேட்க சித்தி அறையில் இல்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நேராக வேலைக்குப் போய், ஒரு பள்ளிக்கூட ஹாலின் சீலிங் முழுவதையும் தானே ரோலர் போட்டு முடித்திருக்கிறாள்.

மறுநாள் காலை தலைகூட வாராமல் வந்து நின்றாள். வலது கையைக் கைக்குழந்தைபோல் இடது கையில் ஏந்தியிருந்தாள். பின்னால் சித்தப்பா, அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு.

"உன் மிஷின் சரியான ஏமாத்துக்காரி. நேத்து குடுத்துட்டு இன்னைக்குப் பிடுங்கிக்கிச்சு."

பூச்சிக்கு வந்த கோபத்தில் கூச்சம் ஓடிவிட்டது. "முதல் கோட்டு காயறதுக்குள்ள ரெண்டாவது கோட்டு அடிச்சா என்ன ஆகும் சித்தி?"

"உரிஞ்சுக்கிட்டு வரும். எந்த மடையன்..."

சித்தி தன் கையைக் குனிந்து பார்த்தாள். சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது.

"நீங்க சிரிச்சது போதும். பையைக் கீழ வைங்க," என்றாள் சித்தி.

அதன் பிறகு அவள் வேறு ஆள். வாரம் ஒருமுறை வந்தாள். வீட்டில் கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி, சொன்னபடி இழுத்தாள். வலியைச் சொல்லவும் பழகிக்கொண்டாள், அதுவும் வண்ணம் கலக்கிறவளின் நுணுக்கத்தோடு: "ஏழு இல்லடி, ஆறரை. இன்னும் உள்ள தள்ளு. ஆங், அங்கதான். விடாதே." ஒருநாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே காண்ட்ராக்டர் போன் செய்தார். சாரம் பாதி ஏறிவிட்டதாம்.

சித்தி போனைத் தோளருகே பிடித்தாள். "சத்தம் கேக்குதா? பழைய சுவரு மாதிரி என்னைக் கொத்திப் பட்டி பாக்குறாங்க. ஆனதும் வரேன்."

அடுத்த வாரங்கள் பந்தயம்போல் ஓடின. அங்கே சாரம் ஏற ஏற, இங்கே கை ஏறியது: காதுவரை, நெற்றிவரை, உச்சந்தலைவரை. சாரத்தின் கடைசித் தட்டுப் பலகை போட்ட அன்று புது எக்ஸ்ரே வந்தது. கட்டியாக இருந்த வெள்ளை, பலகையில் துடைத்த சாக்பீஸ் கோடுபோல் மங்கியிருந்தது. உரக்கப் பேசவே கூச்சப்படும் பூச்சி, படத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நோயாளிகள் நடுவே ஓடினாள். சித்தி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து, கையை நேராக மேலே நீட்டி, இல்லாத சீலிங்கில் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தாள். முகம் சுளிக்கவில்லை. பூச்சி குனிந்து கட்டைவிரலையும் பார்த்துக்கொண்டாள். அது சும்மா கிடந்தது.

பெரிய டாக்டர் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். பூச்சி ஒரு நிபந்தனை போட்டாள்: கை தலைக்கு மேலே நிற்கும் வேலை ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான், நேரம் வந்தால் பிரஷ் கீழே. சித்தி போனில் சேவல் கூவும் அலாரம் வைத்துக்கொண்டாள். சேவல் கூவினால் கோட்டு பாதியில் இருந்தாலும் நிறுத்தினாள். குழுவினர், "அக்காவுக்கு விடிஞ்சிருச்சு" என்று சிரித்தார்கள்.

சாரத்தைப் பிரிப்பதற்கு முந்தைய மாலை பூச்சி மருத்துவமனையிலிருந்து நேராக அரங்குக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் கழுத்து தானாக அண்ணாந்தது. நீலம் எங்கே முடிந்து வெளுப்பு எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. வானத்தை யாரோ உள்ளே கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. உச்சியில் மட்டும் ஒரு வட்டம் இன்னும் பூசாமல் இருந்தது. அங்கே சித்தியின் கை மேலே நீண்டு, மடங்கி, மறுபடி நீண்டுகொண்டிருந்தது.

சேவல் கூவியது. கை இறங்கியது. கீழே நின்றிருந்த பெயிண்டர் ஒருவன் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சாரப்படியில் கால் வைத்தான். "நீ நில்லுடா," என்று மேலிருந்து குரல் வந்தது. பிறகு தலைக்கவசம் போட்ட ஒரு தலை பலகைக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

"பூச்சி, வந்துட்டியா? எனக்கு நேரம் முடிஞ்சு போச்சு. நீ போட்ட சட்டம், நான் மீற மாட்டேன். நடுவுல வெறும் வெள்ளைதான் பாக்கி, நீ நெனச்சாலும் கெடுக்க முடியாது. அவன் தொப்பியை வாங்கிப் போட்டுக்கிட்டு, கீழ பாக்காம ஏறி வா. மிச்சத்தை நீ அடிச்சுக் குடு."