அப்வோலி கடை வாசலில் ரப்பர் குழாய்

கபஹ்வேசாவுக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று இருந்ததாகக் கிசோலா மேட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. மழை பெய்தால் சேற்றின் மேல் கோபம். வெயில் அடித்தால் புழுதியின் மேல். இரண்டும் இல்லாத நாளில் மனிதர்கள்தான் இருக்கவே இருக்கிறார்களே.

ஆனால் கபஹ்வேசா என்று அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். அது பள்ளிக்கூடத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் வைத்த பெயர். எங்கள் டோரோ சீமையில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் அழைப்புப் பெயர் உண்டு. அவளுடையது அப்வோலி. வழியில் ஒருவரைப் பார்த்தால் அந்தப் பெயரைச் சொல்லி, ராத்திரி தூக்கம் எப்படி, பிள்ளைகள் சுகமா, மாடு சுகமா என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் வேறு பேச்சு. அவசரம், வேலை இருக்கிறது என்று நழுவப் பார்த்தவன் அப்வோலியிடம் மாட்டினான் என்றால் தொலைந்தான். "உங்கப்பன் செத்தப்போ குழி பக்கத்துல நின்னு அழுதவ நான். என் பேரைச் சொல்ல உனக்கு வாய் வலிக்குதா?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவாள். அதனால் கடை வாசலைத் தாண்டும் எந்த வண்டியும் நிற்காமல் போனதில்லை. தேயிலைக் கொழுந்து லாரிகூட நிற்கும்.

கடை என்றால் தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஓர் அடுப்பு. கேழ்வரகுக் களியும் தோலுரித்த பீன்ஸ் மசியலும் அவள் கையால் தின்றவன் வேறெங்கும் தின்னமாட்டான். வாசலில் ஒரு அவகாடோ மரம். மரத்துக்கு முன்னால் அந்தப் பாழாய்ப்போன செம்மண் சாலை. கல்யாணத்தன்று அவள் ஏறி வந்த வண்டி அதன் சேற்றில்தான் புதைந்தது. மணப்பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே மாமியார் வீட்டுக்கு வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒண்டியாக நின்று மகனை வளர்த்ததும் அந்தச் சாலையோரத்தில்தான்.

மகன் பெயர் பகோன்சா. அவள் அழைப்பது அமோத்தி என்று. ஃபோர்ட் போர்ட்டலுக்கும் கம்பாலாவுக்கும் இடையே வேன் ஓட்டுகிறான். ஒருமுறை வேனோடு வீட்டுக்கு வந்து, போகும்போது பள்ளத்தில் விட்டதில் ஸ்பிரிங் பட்டை முறிந்துபோயிற்று. முதலாளி அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அதிலிருந்து அவன் வருவதில்லை. கேட்டால் ஒரே பதில்: "தார் போடட்டும்மா, வந்துடறேன்."

"வேன் வராது, சரி. வாடகை பைக் வருதே! நான் தினமும் இருவது தடவை ஏறி இறங்கறேன்," என்று பைக்கார அப்பூலி ஒருநாள் வாயைக் கொடுத்தான். அப்வோலி கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினாள். அவளுக்கு மட்டும் தெரியாதா என்ன? தார் இல்லாததால் வரவில்லை என்றால் அது சாலையின் குற்றம். சாலையைத் திட்டிக்கொண்டு காலம் தள்ளிவிடலாம். ஆனால் ஒன்றில் அவள் உறுதியாக இருந்தாள். தார் போட்டுவிட்டால் அந்தப் பயலுக்குச் சொல்ல வேறு சாக்கு இருக்காது.

அப்படியிருக்கும்போதுதான் சாலைத் துறையிலிருந்து ஒருவன் ரப்பர் குழாயோடு வந்து இறங்கினான்.

"அம்மா, இந்த மரத்துல பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டிக்கலாமா?"

"உன் பேரு என்ன?"

"செகிட்டோ."

"அது கிடக்கட்டும். கூப்பிடற பேரு?"

"நான் கம்பாலாக்காரன்மா. எங்களுக்கு அதெல்லாம் கிடையாது."

"அது இல்லாம உன்கிட்ட எப்படிப் பேசறது? ஏய்னா? இன்னிலேருந்து நீ அத்வோகி. ராத்திரி நல்லா தூங்கினியா அத்வோகி? வீட்டுல எல்லாரும் சுகமா?"

அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் மரத்தைத் தொட விட்டாள். சாலைக்குக் குறுக்கே கறுப்புக் குழாயைப் போட்டு ஆணி அடித்தான். வண்டிச் சக்கரம் ஏறினால் குழாய்க்குள் காற்று ஓடிவந்து பெட்டியில் அடிக்கும், பெட்டி எண்ணிக்கொள்ளும் என்றான். வண்டி அதிகம் ஓடுகிற சாலைக்குத்தான் தார். ஒரு வாரம் எண்ணுவார்கள். கணக்குக் குறைந்தால் பட்டியலில் இடம் இல்லை, அடுத்த பட்டியல் எப்போது என்று அவனுக்கே தெரியாது.

"பெட்டியை யாரும் கழட்டிட்டுப் போகாம கொஞ்சம் பார்த்துக்குங்க."

"நான் இருக்கேன். நீ நிம்மதியா போ," என்றாள் அப்வோலி.

அன்று தொடங்கியது தலைவலி. மறுநாள் காலையிலேயே அப்பூலி குழாயைக் கண்டதும் பைக்கை அவள் வாழைத் தோட்டத்துக்குள் விட்டான். பின்னாலேயே இன்னும் மூன்று பேர்.

"டேய்! என் வாழையில என்னடா வேலை உனக்கு?"

"குழாய் மேல ஏறினா போன்ல இருக்கற காசைப் பிடிச்சுக்குவாங்களாம் அப்வோலி. வரி போடறாங்களாம்."

"உன் போன்ல சார்ஜே இருக்காது, காசு எங்கேருந்துடா இருக்கும்? ரோட்டு மேல போ! ஏறி மிதிச்சுக்கிட்டுப் போ!"

அடுத்து வாழைத்தார் வியாபாரி ஒருவன். சைக்கிளில் தார் கட்ட ரப்பர் பட்டை தேவைப்பட்டதாம். கத்தியோடு குழாய்ப் பக்கம் குனிந்தான். அவள் போட்ட சத்தத்தில் சைக்கிளும் தாரும் ஆளுமாக ஓடையில் விழுந்தார்கள். இது சரிப்படாது என்று பெஞ்சைத் தூக்கி மரத்தடியில் குழாயை ஒட்டிப் போட்டுக்கொண்டு, அடுப்பையும் மறந்து காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். வாரம் முழுக்கக் களி அடிப்பிடித்தது. பெட்டியை ஒரு ஈ தொடவில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

வாரம் முடிந்து செகிட்டோ வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்தவன் தலையில் கை வைத்தான்.

"என்னம்மா இது? கல்லறைத் தோட்டத்துல போட்டிருந்தாக்கூட இதைவிட ஜாஸ்தி காட்டியிருக்கும்!"

"உன் பெட்டிக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? எத்தனை வண்டி போச்சு! நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்!"

அப்போது டிரைவர் அராலியின் தேயிலைக் கொழுந்து லாரி வந்தது. அப்வோலியைப் பார்த்ததும் அராலி வேகத்தைக் குறைத்தான். ஊர்ந்து வந்து, முன்சக்கரம் குழாய் மேலேயே நிற்க, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அப்வோலி! ராத்திரி தூக்கம் எப்படி? இடுப்பு வலி தேவலையா?" எதிர்ப்பக்கம் இரண்டு பைக்குகளும் ஒரு பிக்கப்பும் அவர்களைக் கடந்து போயின. விசாரிப்பு நிதானமாக நடந்தது.

செகிட்டோ வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "அட கடவுளே! எல்லா வண்டியும் இப்படித்தான் நிக்குதா?"

"பின்னே? மனுஷங்க இல்லையா அவங்க?"

"மெதுவா ஊர்ந்து ஏறினா காத்து அடிக்காதும்மா, பெட்டிக்குத் தெரியாது. சக்கரம் குழாயை அமுக்கிட்டு நின்னா, அந்தப் பக்கம் போற வண்டியும் கணக்குல வராது. உங்களைக் காவல் இருக்கத்தானே சொன்னேன்? செக்போஸ்ட் போட்டா உட்காரச் சொன்னேன்?"

அப்வோலிக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. ஒருவரும் நிற்காமல் போகக் கூடாது என்று இத்தனை வருஷமாகக் கத்திக் கத்திப் பழக்கியவள் அவள்தானே. யாரைத் திட்டுவது? வழக்கம்போல் சாலையைத் திட்டினாள்.

குழாயை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னாள். பெட்டியைக் கட்ட அடுத்த மரம் சாலை பிரிகிற இடத்துக்கு அப்பால்தான், அங்கே போட்டால் பாதி வண்டி தப்பிவிடும் என்றான். அவள் கெஞ்சின கெஞ்சலில் இன்னும் ஒரு வாரம் விட்டுவைக்கச் சம்மதித்தான். அதற்கு மேல் அவன் கையில் இல்லை.

கடையை மூடிவிட்டு உள்ளே இருந்துவிடலாமா என்று யோசித்தாள். மூடினால் யார் செத்தது என்று விசாரிக்க இன்னும் நாலு பேர் அதிகமாக நிற்பார்கள். எனவே வருகிற போகிறவனிடமெல்லாம் சொல்லிவிட்டாள்: "நிக்காதே. என் பேரைச் சொல்லாதே. வேகமா ஏறிப் போ." சொன்னால் கேட்டால்தானே! பழக்கம் விடவில்லை. கடை கண்ணில் பட்டதும் காலை பிரேக்கில் வைத்தார்கள்.

வேறு வழியில்லாமல் அப்வோலி சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வண்டிச் சத்தம் குறைந்தால் திரும்பாமலே கையை வீசி "போ, போ!" என்றாள். வாழ்நாளில் அவள் செய்யாத காரியம். அராலி கடந்து போகும்போது பின்னங்கழுத்தில் ஏதோ ஊர்வது போல் இருந்தது, திரும்பத் துடித்த தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள்தான் அதிகம். தேவாலயத்துக்குப் போகிற பெண்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். "அப்வோலி யார் பேரையும் சொல்றதில்லையாமே! முதுகைக் காட்டிக்கிட்டுச் சுவரையே பார்த்துக்கிட்டு இருக்காளாம்!" எங்கள் பக்கம் ஒரு மனுஷி அப்படி உட்கார்ந்தால் ஒன்று துக்கம், இல்லாவிட்டால் முடியாத வியாதி. பேச்சு தேயிலைத் தொழிற்சாலை வரை போயிற்று. அங்கிருந்து ஃபோர்ட் போர்ட்டல் வேன் நிலையத்துக்கும் போயிற்று. வீட்டுக்குள் அவள் போன் விடாமல் அடித்தது. வண்டிகளின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு அதை எடுக்க நேரம் இல்லை.

கடைசி நாள் மதியம். வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. அப்வோலிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்போது ஒரு பைக் வந்து குழாய் மேல் நின்றது. எஞ்சினும் அணைந்தது.

"எந்தக் கழுதைடா அது? எத்தனை தடவை சொல்றது? எடு சக்கரத்தை!"

எஞ்சின் மறுபடி கிளம்பவில்லை.

"காது செவிடா?"

"அம்மா," என்றது ஒரு குரல்.

திரும்பினாள். அப்பூலியின் பைக்கிலிருந்து அமோத்தி இறங்கி நின்றான். டவுன் சட்டையெல்லாம் செம்மண். புருவத்திலும் செம்மண். அவளை மேலும் கீழும் பார்த்தான். வந்து அவள் வலது கையைத் தூக்கிப் பார்த்தான், பிறகு இடது கையை.

"பேச்சு நல்லா வருதாம்மா? யாரையும் கண்டா பேச்சே இல்லைன்னாங்க. போனும் எடுக்கல. பக்கவாதம்னு... நான் என்னென்னவோ நெனைச்சுட்டேன்."

அவள் அவனைத் தாண்டிச் சாலையைப் பார்த்தாள். அதே பள்ளம். அதே புழுதி. ஒரு சொட்டுத் தார் கிடையாது.

"எப்படிடா வந்தே?"

"பைக்லதான்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவன் சட்டைப் புழுதியைத் தட்டினான். மெயின் ரோட்டிலிருந்து ஒரு டீ குடிக்கிற நேரம்தான் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நான் சாகக் கிடக்கேன்னதும் ரோடு நல்லாயிடுச்சா?" என்றாள். குரல் உடைந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "இத்தனை வருஷமா இந்த ரோடும் இங்கேயேதான்டா கிடந்துச்சு. நானும் இங்கேயேதான் கிடந்தேன்!"

"தப்புதாம்மா."

"தப்புன்னு எனக்குத் தெரியாதா? உன்னைக் கேட்டேனா?"

பின்னால் அராலியின் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. "அப்வோலி! சக்கரம் குழாய் மேல நிக்குது! கணக்குப் போயிடும்! தார் போயிடும்!"

"ஐயோ, ஆமா! எடுத்துடறேன்," என்று அப்பூலி பரபரத்துச் சாவியைத் திருகினான். அமோத்தி ஓரக்கண்ணால் பைக்கைப் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. நாலு மணி வேனை ஓட்டவேண்டியவன் அவன்.

அப்வோலி எட்டி அப்பூலியின் வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள்.

"போனா போகட்டும்," என்றாள். "நீ உள்ளே வா. களி ஆறிடும்."

அராலி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பொழுது சாயும் வரை பைக் குழாய் மேலேயே நின்றது.