போறேன் என்று பாடியவர்

"வெயில்லயும் மழையிலயும் கிடந்தாலும் இந்த ஃப்ளெக்ஸு தாங்கும்மா. உங்க பாட்டுக்காரர் தாங்குவாரா?"

மன்னார்குடியில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்த பாய் இப்படிக் கேட்டபோது நான் கல்லூரியில் முதல் வருஷம். விடுதியில் என் அறைத்தோழியும் நானும் அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையில் எங்கள் முகம் வட்டத்துக்குள் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். தோழி திருத்துறைப்பூண்டிப் பக்கம். அவள் அப்பா துபாயில் இருந்தார். கடைக்காரர் அவளுக்குத் தூரத்து உறவில் மாமா முறை.

"நாளைக்கே சினிமாவுக்குப் போயி குழையக் குழையப் பாடுவாரு. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியப் போட்டுட்டு முழிப்பீங்க" என்றார்.

"அவரு அந்த மாதிரி ஆளு இல்ல மாமா" என்றாள் தோழி. நான் திரையில் என் வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். பதில் பெறும் தகுதிகூட அந்தக் கேள்விக்கு இல்லை என்பது என் எண்ணம்.

பாட்டுக்காரர் நன்னிலம் பக்கத்துக்காரர். கறுப்புச் சட்டை, தோளில் எலெக்ட்ரிக் கிட்டார், பின்னால் இடிக்கும் டிரம்ஸ். உழவுச் சேற்றில் மாட்டிக்கொண்ட டிராக்டர் வெளியே வர உறுமுமே, அப்படி ஒரு குரல். அந்தக் குரலில் அவர் பாடியதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த சமாச்சாரம். நடவு நேரத்தில் காலில் ஏறும் அட்டை. கையைக் காட்டியும் நிற்காமல் போகும் பஸ். கரண்ட் வருமா வராதா என்று மோட்டார் கொட்டகையில் விழித்திருப்பது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாட்டு. அதில் பெரிதாக வரிகளே கிடையாது. "போறேன், போறேன், எவன் கேட்டாலும் போறேன்" என்று அடித்தொண்டையில் கத்துவார். கிட்டார் கூடவே அலறும்.

கிளம்பும்போது நம் வீடுகளில் யாரும் போறேன் என்று சொல்வதில்லை. உப்பு வாங்கக் கடைக்குப் போனாலும் போயிட்டு வர்றேன்தான். வாய் தவறி மாற்றிச் சொல்லிவிட்டால் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வைத்து, திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். அதனால் நான் லீவுக்கு வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைப் போனில் போடும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து சத்தம் வரும்.

"அந்த ஆள வர்றேன்னு சொல்லச் சொல்லுடி! வெளக்கு வச்ச நேரத்துல போறேன் போறேன்னுகிட்டு!"

"போன்ல இருக்கறவருக்குக் கேக்காதும்மா."

"கேக்கலன்னா நிறுத்து!"

அவள் எவ்வளவு பதறினாளோ அவ்வளவு எனக்கு அந்தப் பாட்டு பிடித்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைப்பவர். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவள். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் நான் வாசித்த பிறகுதான் காகிதம். திங்கட்கிழமை காலையில் விடுதிக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடை பெஞ்சு முழுவதும் என்னைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு நான் வாயால் பதில் சொல்ல முடியாது. காதில் அவர் எனக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார், எவன் கேட்டாலும் போறேன் என்று.

அவர் மன்னார்குடிக்கு முதன்முதலாகக் கச்சேரிக்கு வந்தபோதுதான் நானும் தோழியும் ஃப்ளெக்ஸ் வைத்தோம். முழுக்கக் கறுப்புப் பின்னணி. நடுவில் கிட்டாரோடு அவர். கீழே இரண்டு வட்டங்களில் நாங்கள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் முகம் ஃப்ளெக்ஸில் வருவது வயசுக்கு வந்தால், கல்யாணமானால், இல்லை செத்தால். ஒரு பாட்டு பிடித்திருக்கிறது என்பதற்காக வந்த முதல் முகம் என்னுடையது. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் அதைக் கட்டிவிட்டு அப்படி ஒரு பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கிய பெரியப்பா அதைப் பார்த்திருக்கிறார். அவருக்கு எழுத்து தெரியாது. கறுப்புத் துணி, அதில் என் முகம். துண்டை வாயில் பொத்திக்கொண்டு தெருவெல்லாம் அழுதுகொண்டே ஓடிவந்தவர், வாசலில் நான் முறுக்கு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் பெரியப்பா அழுவறீங்க?"

"கழுத! உசுரோட இருக்கறவ எதுக்குடி கறுப்புல படம் போட்ட?"

அன்று எங்கள் வீட்டில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் கச்சேரி முடிந்ததும் அவரே போய் அதைக் கழற்றி, மடித்து, எங்கள் வீட்டுப் பரணில் போட்டார். அவர் என்மேல் வைத்திருக்கும் பாசத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் நடந்ததற்கும் அந்தப் பாசம்தான் காரணம்.

பாட்டுக்காரர் ஒரே நாளில் மாறவில்லை. முதலில் ஒரு பாட்டில் வயலின் வந்தது. "ஒரு பாட்டுதானடி" என்று நானே வாதாடினேன். அப்புறம் டிரம்ஸ் காணாமல் போனது. கறுப்புச் சட்டை போய் வெள்ளைச் சட்டை வந்தது. ஒரு பேட்டியில், கத்திப் பாடினதெல்லாம் அறியாத வயசு என்று சிரித்தார். அறியாத வயசு என்று அவர் சொன்ன அந்த வருஷங்களில் நாங்கள் அவர் முன்னால் நின்று தொண்டை கட்டக் கட்டக் கூடவே கத்தியிருக்கிறோம். அந்தப் பேட்டியைப் பார்த்த அன்று ராத்திரி விடுதியில் துக்க வீட்டில் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டோம்.

போன மாதம், கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு, தஞ்சாவூரில் அவர் கச்சேரி. நேரில் வந்தால் பழையபடிதான் பாடுவார் என்று தோழியும் நானும் நம்பிப் போனோம். துப்பட்டாவுக்கு அடியில் கறுப்பு டி-ஷர்ட். பஸ் முழுக்க வியர்வை.

மேடையில் குத்துவிளக்கு எரிந்தது. ஜமக்காளம் விரித்திருந்தார்கள். பட்டு வேட்டியில் வந்தார், கும்பிட்டார், உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டாருடி" என்றாள் தோழி.

"இரு. எழுந்திருப்பாரு."

புல்லாங்குழலோடு பாட ஆரம்பித்தார். நாற்று, வரப்பு, அம்மாவின் சேறு படிந்த கை, எல்லாம் வந்தன. அட்டை வரவில்லை. இடுப்பு வலி வரவில்லை. எனக்குத் தெரிந்த சேறு மாதத்தில் பாதி நாள் அம்மாவின் கால்விரல் இடுக்கில் புண்ணாக இருக்கும். அவர் பாடிய சேறு சந்தனம் மாதிரி மணத்தது. முன்வரிசை நாற்காலிகளில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாட்டு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மோசமாகப் பாடியிருந்தால் திட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன்.

பின்னால் நின்ற கூட்டம் "போறேன்! போறேன்!" என்று கேட்க ஆரம்பித்தது. நாங்களும் கத்தினோம். அவர் கையை உயர்த்தி அமைதியாக்கினார்.

"பாடுறேன். ஆனா ஒரு சின்னத் திருத்தம். அம்மாகிட்ட போறேன்னு சொல்லலாமா? சொல்லக் கூடாதுல்ல?"

மண்டபம் அதிரக் கைதட்டல். அவர் கண்ணை மூடி, தாலாட்டு மாதிரி, "போயிட்டு வர்றேன் தாயே" என்று இழுத்தார். அதே மெட்டு. முள்ளை உருவிய மீன் மாதிரி அந்த மெட்டு கிடந்தது. முடித்துவிட்டு, பிள்ளைகள் பிறந்த மண்ணை விட்டுப் போகக் கூடாது, படித்தவர்கள் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று கொஞ்சம் பேசினார். பேசியவர் மேடையிலிருந்து இறங்கி நேராகக் காரில் ஏறிச் சென்னைக்குப் போனார். அங்கேதான் அவர் வீடு.

திரும்பும் பஸ்ஸில் தோழி துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஒரத்தநாடு தாண்டும்போது, "வீட்டுல சொல்ல வேண்டியத நாமளே சொல்லிக்க மாட்டமா? இவர யாரு சொல்லச் சொன்னா?" என்றாள். எனக்கும் அதுதான். அம்மாவிடம் வர்றேன் என்று சொல்ல எங்களுக்குத் தெரியும். போறேன் என்று சொல்லத்தான் எங்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டார்.

அந்த வாரத்தில்தான் சென்னையில் எம்.ஏ. பொருளாதாரத்துக்கு எனக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் வருகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. அப்பா யோசிக்கிறேன் என்றார். அப்பா யோசிக்கிறேன் என்றால் பாதி சம்மதம். மீதிப் பாதி தேறுவதற்குள் பெரியப்பா போனை நீட்டிக்கொண்டு வந்தார். யாரோ கச்சேரியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

"இந்தா, ஒன் ஆளே சொல்லிட்டாரு பாத்தியா? மண்ண விட்டுப் போகக் கூடாதாம். நான் சொன்னா ஏறாது. உங்க சாமி சொன்னா ஏறுமுல்ல?"

அம்மா எட்டிப் பார்த்தாள். "வர்றேன்னு பாடுறான். இப்பத்தான் மனுசனா இருக்கான்."

"இங்கேயே டீச்சர் வேல பாக்கட்டும். கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றார் பெரியப்பா, அப்பாவைப் பார்த்து. அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, தெரியவில்லை.

மூன்று வருஷம் எனக்காகப் பேசிய குரல் அது. அதே குரலை என் வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராகச் சாட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் வயலின் வைத்துக்கொள்ளட்டும், வேட்டி கட்டட்டும், உட்கார்ந்தே பாடட்டும். நானும்தான் மாறியிருக்கிறேன். ஆனால் தான் ஏறிக்கொண்ட பிறகு பஸ் கதவைச் சாத்துகிற ஆளை என்ன சொல்வது? கொல்லைப்புறம் போய்ப் பாத்திரம் துலக்கினேன். துலக்கிக்கொண்டிருக்கும்போது என் வாய் அந்தப் புதுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த செம்பைத் தொட்டியில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கோடை நெல்லை அறுத்து, கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டி முறைக்காகக் காத்திருந்தோம். மத்தியானத்துக்கு மேல் மேற்கே கருத்தது. களத்தில் எல்லாரும் ஓடினார்கள். தார்ப்பாய் யாருக்கும் போதாது. பழைய ஃப்ளெக்ஸ்தான் எங்கள் பக்கத்துத் தார்ப்பாய். ஒரு குவியல்மேல் கட்சித் தலைவர்கள், ஒரு குவியல்மேல் மாலையும் கழுத்துமாக மணமக்கள், ஒரு குவியல்மேல் கண்ணீர் அஞ்சலி. எங்கள் குவியலில் ஒரு மூலை திறந்து கிடந்தது.

நான் வீட்டுக்கு ஓடிப் பரணிலிருந்து அந்தக் கறுப்பு ஃப்ளெக்ஸை இழுத்துக்கொண்டு வந்தேன். பிரித்தபோது ஒரு ஓட்டைகூட இல்லை. பாய் நல்ல சரக்குதான் கொடுத்திருந்தார்.

மறுமுனையைப் பிடித்த பெரியப்பா திகைத்துப்போனார். "ஏய், இது ஒன்னோட பொக்கிஷமாச்சேடி."

"நெல்லு நனையுது பெரியப்பா. பிடிங்க."

"படத்த மேல வைக்கவா, கீழ வைக்கவா?"

"கீழ. மண்ணோட இருக்கணும்னு சொன்னாருல்ல? நெல்லோட இருக்கட்டும்."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா ஓரங்களில் கல் வைத்தார். மழை கொட்டியது. மூவரும் எடை போடும் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். விஷயத்தைப் போனில் சொன்னபோது தோழி கேட்டாள், "என் மூஞ்சியும் அதுலதானடி இருக்கு?"

"இருக்கு. நெல்லு நனையல."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாள்.

பெரியப்பா தலையைத் துவட்டியபடி, "அப்ப கோவம் தீந்துச்சுல்ல? சென்னைய விட்டுட்டல்ல?" என்றார்.

தீரவில்லை. இதை எழுதும்போதும் தீரவில்லை. ஆனால் எனக்காகப் போறேன் என்று சொல்ல இனிமேல் யாரும் இல்லை என்பது தஞ்சாவூரிலேயே தெரிந்துபோயிற்று.

"காலையிலயே மன்னார்குடி போயி, சென்னைக் காலேஜுக்கு வர்றேன்னு உறுதி சொல்லி அனுப்பிட்டேன் பெரியப்பா" என்றேன். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னேன். "ரயிலுக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. போறேன்."