விஜயா வாழ்த்தும் நிரம்பிய டிஸ்க்கும்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஒப்பந்த வேலைதான். துர்கா பூஜை முடிந்ததும் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். முடிவு மேனேஜர் கையில். அவர் தமிழர். "நம்ம மனுஷர் இருக்கார், உனக்கென்னடி கவலை?" என்றாள் அம்மா. நம்ம மனுஷராம்!

அந்த மனுஷர் கல்கத்தாவில் ஊறி வங்காளிகளைவிட வங்காளியாகிவிட்டவர். துர்கையை ஆற்றில் கரைத்த பிறகு சிறியவர்கள் பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குவதும் அவர்கள் ஆசி சொல்வதும் இங்கே வழக்கம். விஜயா என்பார்கள். அதை அவர் ஈமெயிலில் ஏற்றினார். ஒரே மெயிலில் எல்லாருக்கும் அனுப்புவது மரியாதை இல்லையாம். ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும், பதிலும் அப்படியே. எல்லாம் ஒற்றை வரி. பெரியவர்களின் ஆசியை அழிக்கலாமா என்று எவரும் எதையும் அழிக்கவில்லை. வருடா வருடம் சேர்ந்துகொண்டே போனது.

அந்த வருடம் விஜயா முடிந்த கையோடு மெயில் நின்றது. டிஸ்க்கில் இடமில்லை என்றது சர்வர். பார்த்தால் பாதி காலி! மறுபடி மறுபடி பார்த்தேன், பாதி காலிதான். அப்புறம்தான் பிடிபட்டது. டிஸ்க்கைத் தயார் செய்யும்போதே, இதில் இத்தனை கோப்புகள்தான் வைக்கலாம் என்று ஒரு வரம்பு விழுந்துவிடும். எங்கள் சர்வரில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனிக் கோப்பு. ஒற்றை வரி வாழ்த்துகளே வரம்பைத் தின்று தீர்த்திருந்தன.

மேனேஜரிடம் சொன்னேன்.

"பாதி காலின்னு நீயே சொல்றே, அப்புறம் ஃபுல்லுங்கறே. யாருக்கும்மா காது குத்தறே?"

"சார், அண்டா நிறையச் சோறு இருக்கு, இலை தீர்ந்துபோச்சு. ஒரு வாய் சாப்பிடற குழந்தைக்கும் ஒரு இலை போட்டாகணுமே. ஒவ்வொரு வாழ்த்தும் ஒரு இலை சார்."

"பந்திக் கதையெல்லாம் வேண்டாம். வெளியூர் மெயிலெல்லாம் திரும்பிப் போறது. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு."

சரி பண்ணினேன். பழைய வாழ்த்துகள் அத்தனையையும் ஒரே கோப்பாகக் கட்டி ஓரமாக வைத்தேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. மெயில் ஓடத் தொடங்கியது. ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வார் என்று காத்திருந்தேன், பாருங்கள், அதுதான் என் புத்தி.

மறுநாள் தன் மெயில் பெட்டியில் பழைய வாழ்த்துகளைக் காணாமல் எல்லார் முன்னாலும் கத்தினார். "என் ஆசீர்வாதத்தையே துடைச்சுப் போட்டிருக்கா!"

"அழிக்கலே சார், எல்லாம் பத்திரமா இருக்கு. இதோ பாருங்க." திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் திரும்பவே இல்லை.

பெரியவர்களிடம் மரியாதை இல்லாத பெண் என்று மேலிடத்தில் சொன்னாராம். நிரந்தர வேலை இன்னொருவருக்குப் போனது. சர்வர் பக்கமே எட்டிப் பார்க்காத ஆள். ஆனால் மேனேஜருக்கு முதல் வாழ்த்து எப்போதும் அவனுடையதுதான். வயிறெரிந்தது எனக்கு, பொய் சொல்வானேன்.

கடைசி நாள் மேனேஜர் என் மேஜைக்கே வந்தார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதேம்மா. எங்கே போனாலும் நல்லா இருப்பே" என்று கையை உயர்த்தினார். இந்த ஊரில் வளர்ந்த உடம்பு, என்னைக் கேட்காமலே குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.