மூன்றாவது தெரு

சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் நடந்தது இது. அப்போது திருவொற்றியூரில், கடலை ஒட்டிய குப்பத்தில் குடியிருந்தோம். காசிமேட்டிலிருந்து படகில் மீன்பிடிக்கப் போகும் என் கணவர், கரைக்கு வந்த பின் பகலில்தான் தூங்குவார். கடல் பக்கம் இருந்த பின் அறையில், காற்றுக்காக.

ஒரு நாள் காலை ஐம்பது வயதுள்ள ஒரு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். மொரீஷியஸிலிருந்து வந்தவராம். குழந்தை பேசுவது போன்ற தமிழ். அவருடைய முன்னோர்கள் சர்ச்சிலிருந்து பிரிந்து, தனியாக ஜெபம் செய்துவந்த சில குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கடல் தாண்டிப் போகும்படி ஆண்டவர் சொன்னதாக நம்பி, ஊரே சிரிக்க, மொத்தமாகக் கப்பலேறிவிட்டார்களாம். "கடலிலிருந்து மூணாவது தெரு" என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

எங்கள் தெருவுக்கு அப்பால் பாறைகளும் தண்ணீரும்தான். நான் புரியாமல் விழித்தேன். எதிர்வீட்டு மீன்கார அக்காதான், "மூணாவது தெரு இதாம்மா. மின்னாடி இர்ந்த ரெண்டையும் கடலு துன்னுட்ச்சு" என்றார்.

"கிணறு இருக்கா? பக்கத்தில் துவைக்கிற கல்லு?"

அந்த வரிசையில் கிணறு இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். கூட்டிப்போய்க் காட்டினேன். கல்லைப் புரட்டச் சொன்னார்; அடியில் முன்னோர்கள் ஓர் அடையாளம் செதுக்கிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டிருந்தாராம். கணவர் முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையால் நெம்பினார். அடிப்பக்கம், மண் அப்பிய ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் துணி துவைக்கிற கல்.

அந்த அம்மா முழங்காலிட்டு அதைத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தண்ணி எப்படி இருக்கு?"

கொஞ்ச நாளாகவே கரித்துக்கொண்டிருந்தது.

"உப்பு" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அப்பவும் கிணறு உப்பாச்சு. கடல் வருதுன்னு ஆண்டவர் சொன்னார், அதான் போனாங்க" என்றார். மீன்கார அக்கா சிரித்தார். "அவங்க போயி எத்தினி காலமாச்சு! அப்பால இந்தத் தண்ணியத்தானே ஊரே குட்ச்சிது?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "நீங்க எங்கே தூங்குவீங்க?" என்று கேட்டார். பின் அறையைக் காட்டினேன். வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அன்று முதல் அந்த அறைக்குள் நுழைந்தாலே பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. வாசல் பக்கம் படுக்கச் சொல்லி கணவரிடம் மல்லுக்கட்டினேன். "அவங்க சாமி அவங்களுக்கு சொல்ச்சு. நமக்கு இன்னா?" என்று எரிந்து விழுந்தவர், என் தொல்லை தாங்காமல் பாயை முன்னால் கொண்டுவந்து போட்டார்.

அடுத்து வந்த புயலில், பட்டப்பகலில், பின்சுவர் சத்தமே இல்லாமல் சரிந்தது. அறை, கிணறு, கல் எல்லாம் போயிற்று. வாசல் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி வெளியே இழுத்து வந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள் கடல் தெரிந்தது.

இப்போது கடலை விட்டுத் தள்ளி, மாத்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களைக் காப்பாற்றியது தெய்வமா, உப்புத் தண்ணீரா, வெறும் பயமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பிப் போகிறவர்களைப் பைத்தியம் என்று சொல்ல மட்டும் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.