நாலு வாசல், ஒரே தரை

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய சின்ன மார்க்கெட்டில் நானும் என் கணவரும் பதினெட்டு வருடம் மளிகைக் கடை நடத்தினோம். இட்லி அரிசி, அப்பளம், காப்பித்தூள், தினமும் நான் அரைத்துக் கொடுக்கும் தோசைமாவு. எதிர்ப்புறக் காலி மனையில் பெரிய சூப்பர் ஸ்டோர் வரப்போவதாகப் பலகை நட்ட அன்று, பக்கத்து ஸ்டேஷனரிக் கடை சர்தார்ஜி வந்து, நம் கதை முடிந்தது என்று இந்தியில் சொன்னார். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னார்.

பிறகு ஒரு வழி தெரிந்தது. குடியிருப்புப் பகுதியில் எந்தக் கடையும் குறிப்பிட்ட பரப்பளவைத் தாண்டக்கூடாது என்று எங்கள் வட்டாரத்துக்கு ஒரு விதி கொண்டுவரப் பேச்சு நடந்தது. மக்கள் கையெழுத்து இருந்தால் நிறைவேறலாம் என்றார்கள். கடையை என்னிடம் விட்டுவிட்டு என் கணவர் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். முழங்கால் வீங்கியிருந்தது, லிஃப்ட் இல்லாத கட்டடங்களிலும் நாலு மாடி ஏறினார். திருநெல்வேலிக்காரர், இந்தி எப்போதும் அவருக்குத் தகராறுதான். சொல்லவேண்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர் முறை வந்தபோது அவ்வளவும் மறந்துபோயிற்று. மைக்கைப் பிடித்தபடி நின்றார். கடைசியில், "எங்களுக்கு வேற தொழில் தெரியாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சர்தார்ஜிக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் எழுந்து, இவர் என்ன சொல்கிறார் என்றால் என்று ஆரம்பித்து, சரியாகவே சொல்லி முடித்தார்.

விதி வந்தது. மார்க்கெட் முழுவதற்கும் நான் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

எதிரே கட்டட வேலை மட்டும் நிற்கவில்லை. திறப்பு நாளன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒரே கட்டடத்துக்கு நாலு வாசல், நாலு பெயர்ப்பலகை, நாலு உரிமம். உள்ளே சுவர் கிடையாது. ஒரு கடை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள்.

அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஒவ்வொரு கடையும் அளவுக்குள் இருக்கிறது, நீங்கள் கேட்ட விதியைத்தான் அவர்கள் பின்பற்றியிருக்கிறார்கள் என்றார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்த ஸ்டோரின் காவலாளி சாலையைத் தாண்டி வந்தான். "ஆன்ட்டிஜி, அங்கிளை அழைத்துப் போங்கள்" என்றான் இந்தியில். ஓடினேன். பளபளக்கும் தரையில் இவர் மண்டியிட்டு, இஞ்ச் டேப்பை மஞ்சள் கோட்டுக்குக் குறுக்கே இழுத்து அளந்துகொண்டிருந்தார். தள்ளுவண்டிகளோடு ஆட்கள் சுற்றி நின்றார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியும். இவர் காட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவர்கள். ஒரு பெண் வண்டியிலிருந்த தோசைமாவுப் பாக்கெட்டின்மேல் கைப்பையை எடுத்து வைத்தாள்.

"ஏங்க, எந்திரிங்க. போவோம்."

"ஏட்டி, நீயே பாரு. நாலு கடையாம்லா. எங்கிட்டு இருக்கு நாலு? ஒரே தரைதான கெடக்கு?"

"ஆமாங்க. ஒரே தரைதான். எந்திரிங்க."

முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டிருந்தது. காவலாளி ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துத்தான் தூக்க முடிந்தது.

ஆறு மாதம் தாக்குப்பிடித்தோம். அரைத்த மாவு புளித்துப் புளித்துக் கொட்டினேன். சர்தார்ஜி எங்களுக்கு முன்பே ஷட்டரை இறக்கிவிட்டு லூதியானாவில் மகனிடம் போய்விட்டார். கடையைக் கொடுத்தபின் நான் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையலுக்குச் சேர்ந்தேன். இவர் மனுக்கள் எழுதுகிறார். இதுவரை எதற்கும் பதில் இல்லை.

போன மாதம் இவருக்குக் காய்ச்சல். இட்லி வேண்டும் என்றார். மற்ற சின்னக் கடைகளும் மூடிவிட்டன. பக்கத்தில் வேறெங்கும் இட்லி அரிசி இல்லை. அந்த நாலு வாசலுக்கு எதிரே ரொம்ப நேரம் நின்றுவிட்டு, ஒன்றில் நுழைந்தேன்.

"அரிசி எங்கட்டி வாங்குனே?"

"ஐ.என்.ஏ. மார்க்கெட்ல."

கேன்டீன் வேலை முடிந்து நான் அவ்வளவு தூரம் போய்வர முடியாது என்பது அவருக்குத் தெரியும். இன்னொரு இட்லி வை என்று தட்டை நீட்டினார்.